ஹாரர், பேய்ப்படம், திகில்: ஒரு சொல் விளக்கம்

‘ஹாரர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் மயிரில் இருக்கிறது. இலத்தீனில் ‘ஹொர்ரேரே’ என்ற வினைக்கு மயிர் குத்திட்டு நிற்றல், உடல் நடுங்குதல் என்பன பொருள். அதிலிருந்து பிறந்த ‘ஹொர்ரோர்’ என்ற பெயர்ச்சொல்லைக் காய்ச்சல்காரனுக்கு வரும் குளிர்நடுக்கத்துக்கும், தெய்வத்தின் முன் நிற்பவனுக்கு ஏற்படும் பயபக்திக்கும் சேர்த்தே உரோமானியர் வழங்கினர். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தபோது பயபக்தி உதிர்ந்து, அச்சமும் அருவருப்பும் மட்டும் தங்கின. வடமொழியின் ‘ஹ்ருஷ்’ என்ற வேரும் இந்த இலத்தீன் வினையும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. வடமொழியில் மயிர் சிலிர்ப்பது மகிழ்ச்சியின் அடையாளமாகி ‘ஹர்ஷம்’ ஆயிற்று. கதை சொல்லியே கேட்பவர்களின் மயிரை நிமிர வைத்ததனால் பாரதக் கதையில் வரும் சூதர் ஒருவருக்கு லோமஹர்ஷணர் என்று பெயர். ஆக, நம் ஊர்த் திருமண அழைப்பிதழ் நடையில் வருகிற ஹர்ஷமும் நள்ளிரவுக் காட்சியின் ஹாரரும் பங்காளிகள்.

இந்த வேர்ப்பொருளுக்கு நேரான தமிழ் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டியதில்லை. மயிர்க்கூச்செறிதல், மெய்சிலிர்த்தல், புளகம் என்று பல சொற்கள் உள்ளன. ஆயினும் இவற்றுள் எதையும் ‘ஹாரர்’ எனப்படும் திரைப்பட வகைக்குத் தமிழ்ப் பெயராக வைக்க இயலாது. ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து’ என்று மாணிக்கவாசகர் பாடும்போது அரும்புவது பக்தி; பேச்சில் ‘புல்லரிக்குது’ என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் கேலி. ஆங்கிலத்தில் பக்தி உதிர்ந்து அச்சம் நின்றது. தமிழில் சிலிர்ப்பு பக்தியோடு தங்கிவிட்டது. வேரைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் இடறும் இடம் இதுதான்.

திரைப்படத்துக்கு இச்சொல் வகைப்பெயராக ஒட்டிக்கொண்டது பேசும்படக் காலத்தில். 1931இல் யுனிவர்சல் நிறுவனம் டிராகுலாவையும் ஃபிராங்கன்ஸ்டைனையும் அடுத்தடுத்து வெளியிட்ட பிறகே இவ்வகைப் படங்களுக்குப் பத்திரிகைகளில் இப்பெயர் நிலைத்தது. பிரிட்டனில் 1930களில் இவற்றுக்கென ‘ஹெச்’ என்ற தனி முத்திரையே வந்து, 1951இல் ‘எக்ஸ்’ சான்றிதழுக்கு வழிவிட்டது. ஆனால் உணர்ச்சியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்த படம் இவற்றுக்கு முந்தியது. 1922இல் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மானிய ஊமைப்படத்தின் துணைத்தலைப்பு ‘கோரத்தின் சிம்ஃபனி’ என்ற பொருள் தரும். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலை அனுமதி பெறாமல் தழுவியதற்காக அவருடைய மனைவி வழக்குத் தொடுக்க, பிரதிகளையெல்லாம் அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் இன்று அதைப் பார்க்கிறோம்.

அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரில் நள்ளிரவு வரை சுவர் சூடு தணிவதில்லை. உறக்கம் வராத அத்தகைய இரவொன்றில் அதை மறுபடியும் பார்த்தேன். வண்டி காட்டுக்குள் போகும்போது படச்சுருளை எதிர்மறையாக மாற்றியிருப்பதால் மரங்கள் வெளுத்தும் வானம் கறுத்தும் தோன்றுகின்றன. நூறாண்டுக்குப் பிறகும் அந்தத் தந்திரம் பழுதாகவில்லை. மாடிப்படியில் ஏறுவது ஆளன்று, நிழல். நீண்ட விரல்களின் நிழல் கதவை நெருங்கும்போது எனக்குச் சிலிர்ப்பு வரவில்லை. அடிவயிற்றில் ஒரு கனம் மட்டும் இறங்கியது. நடுப்பகுதி இழுவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் வரும் வரை பொறுத்திருப்பவருக்கே படம் பயன் தரும்.

இதைப் ‘பேய்ப்படம்’ என்று குறித்தால் பிழையில்லை. பேய் என்பது சங்க இலக்கியத்திலேயே வழங்கும் பழந்தமிழ்ச் சொல். போர்க்களத்தில் பிணம் தின்னும் பேய்மகளிரைப் புறத்திணைப் பாடல்கள் பாடின. ஆனால் தமிழில் பேயை மிக நெருங்கி நின்று வரைந்தவர் காரைக்கால் அம்மையார் என்பேன். காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவர்கள் அரக்கோணத்தைத் தாண்டியதும் கடக்கிற திருவாலங்காட்டைப் பற்றிய அவருடைய மூத்த திருப்பதிகம் இப்படித் தொடங்குகிறது: ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்றுப் பங்கி சிவந்திரு பற்கள் நீண்டு பரடுயர் நீள்கணைக் காலோர் பெண்பேய்.’ வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரு பல், உயர்ந்த கணுக்கால். ஒப்பனைக் கலைஞரிடம் நீட்டும் குறிப்புச் சீட்டைப் போன்ற அடிகள் இவை. இந்தப் பேய் எவரையும் அச்சுறுத்த அங்கே நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. அது இருக்கும் காட்டில் இறைவன் ஆடுகிறான். பாடியவரோ தம்மையே காரைக்காற்பேய் என்று சொல்லிக்கொள்கிறார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியால் புலம்பிக் கூழ் சமைத்துச் சிரிப்பு மூட்டுகின்றன. 2007இல் முனியும் 2011இல் காஞ்சனாவும் வந்த பிறகு தமிழ்த் திரையில் பேயும் நகைச்சுவையும் சேர்ந்தே திரிவதைச் சிலர் கீழ்மை என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கீழ்மைக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு வயது.

ஆகவே ‘பேய்ப்படம்’ நல்ல பெயர். ஆனால் குறுகிய பெயர். அது படத்தில் இருக்கும் உருவைச் சொல்கிறது, பார்ப்பவருக்கு நேர்வதைச் சொல்லவில்லை. 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த தி ஹாண்டிங் என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை வீட்டில் ஓடவிட்டபோது இந்தக் குறை வெளிப்பட்டது. பேய்ப்படம் என்று கேள்விப்பட்டு ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய மாளிகை, நள்ளிரவு, அறைக்கு வெளியே பேரொலி. மூடிய மரக்கதவு மூச்சு வாங்குவது போல உள்ளே புடைத்துத் தணிகிறது. கதவுக்கு அப்பால் இருப்பதை இயக்குநர் கடைசி வரை காட்டவே இல்லை. இருட்டில் தோழியின் கையைப் பிடித்திருப்பதாக எண்ணிய பெண், விளக்கு எரிந்ததும் தோழி எட்டத்தில் படுத்திருப்பதைக் கண்டு, அப்படியானால் தான் பிடித்திருந்தது யார் கை என்று கேட்கும் இடத்தில் நான் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். படம் முடிந்ததும் ஆயா, ‘இன்னாடா படம் இது, பேயே வர்ல?’ என்றார். பெயரை நம்பி உட்கார்ந்தவரின் நியாயமான முறையீடு அது. ஆனாலும் அன்றிரவு கூடத்து விளக்கை அணைக்க வேண்டாம் என்றவரும் அவரே.

1960இல் வந்த ஹிட்ச்காக்கின் சைக்கோவில் பேய்க்கு இடமே இல்லை. குளியலறைக் காட்சியில் இசை வேண்டாம் என்று முதலில் நினைத்த இயக்குநரை, நரம்பிசைக் கருவிகளை மட்டும் கொண்டு மனம் மாற்றினார் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகே போதுமாக இருந்தது. தெரிந்து பார்த்தாலும் நெஞ்சு படபடக்கிறது. கடைசியில் மருத்துவர் வந்து நீண்ட விளக்கம் சொல்லும் பகுதி மட்டும் எனக்கு இன்றும் தேவையற்றதாகவே படுகிறது.

ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த நைட் ஆஃப் தி லிவிங் டெட் படத்தைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும். ‘ஸோம்பி’ எனப்படும் நடமாடும் பிணங்களின் கதை வகைக்குத் தலைமைப் படமாகக் கருதப்படும் அதில் ‘ஸோம்பி’ என்ற சொல்லே வருவதில்லை. பிணம் தின்னும் உருக்களைச் செய்தி வாசிப்பவர் ‘கூல்’ என்கிறார். அது அரபு மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். பரணியில் காளிக்குப் போர்க்கதை சொல்லும் பேய்க்குக் ‘கூளி’ என்று பெயர் இருப்பதைக் கண்டு இரண்டையும் முடிச்சுப் போட எவருக்கும் கை துறுதுறுக்கும். ஒலி ஒத்திருப்பதைத் தவிர உறவுக்குச் சான்று எதுவும் இல்லை.

‘மர்மப் படம்’ என்பது வேறு வகை. உயிர்நிலை என்ற பொருளுடைய வடசொல்லான மர்மம், தமிழில் ஒருபுறம் வர்மக்கலையின் வர்மமாகவும் மறுபுறம் மறைபொருளாகவும் கிளைத்தது. உறவினர்கள் ஒரு மாளிகையில் கூட, ஒவ்வொருவராகக் கொல்லப்படும் கதையைச் சொன்ன எஸ். பாலச்சந்தரின் நடு இரவில் (1970) மர்மப் படமே. அதில் முன்னிற்பது யார் செய்தது என்ற கேள்வி. ‘அமானுஷ்யம்’ என்றால் மனிதருக்குரியதல்லாதது என்று பொருள். சைக்கோவை அதற்குள் அடக்க முடியாது.

வகையின் எல்லையைப் பழைய இலக்கணத்தை வைத்து அளந்தால் தெளிவு பிறக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ என்று அச்சம் பிறக்கும் களங்களை வகுக்கிறது. வருத்தும் தெய்வமும் பேயும் அணங்கில் அடங்கும். கொடிய விலங்கு, கள்வர், ‘இறை’ எனப்படும் ஆளும் அரசன் என்பன மற்றவை. இந்த நான்காவது களத்தை நான் ஒரு சொல்லலங்காரமாகவே எண்ணியிருப்பேன், 2024இல் வந்த பிரம்மயுகம் என்ற மலையாளப் படத்தைப் பார்க்காவிட்டால். பாழடைந்த மனைக்குள் அடைக்கலம் தேடி வந்த பாணனை, சோறு போட்டு, பகடையாட அழைத்து, வெளியே போக விடாமல் வைத்திருக்கும் கொடுமோன் போற்றியாக மம்மூட்டி நடித்திருக்கிறார். முழுக்கக் கறுப்பு வெள்ளை. மழையும் சேறும் கரிந்த அடுப்புமாக நகரும் படத்தில் சாத்தன் என்ற குட்டிப்பேயும் உண்டு, மாயமும் உண்டு. எனினும் என்னை நடுங்க வைத்தது, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மென்றபடி அந்த முதியவர் சிரிக்கும் சிரிப்புதான். அது இறைவழி வந்த அச்சம்.

ஆனால் ஹாரர் என்பது அச்சம் மட்டுமன்று. நோயல் கரோல் என்ற மெய்யியலாளர் 1990இல் எழுதிய நூலில் இவ்வகையின் உணர்ச்சியை அச்சமும் அருவருப்பும் கலந்ததாக விளக்குகிறார். மெய்ப்பாட்டியல் நடையில் சொன்னால் அச்சத்தோடு இளிவரல். தலை அறுபடுவதும் உடல் சிதைவதும் மட்டும் ஹாரர் ஆகிவிடா என்பதைக் குடியாத்தம் அறியும். வைகாசி முதல் நாள் நடைபெறும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில், வெட்டுண்ட இரேணுகையின் தலை தெருத்தெருவாக ஊர்வலம் வந்து வேறொரு பெண்ணுடலில் பொருத்தப்படுகிறது. திரைக்கதையாக எழுதினால் தணிக்கைக் குழு யோசிக்கும். தேங்காய் உடைத்துக் கும்பிடும் கூட்டத்தில் அருவருப்பு என்ற பேச்சே இல்லை. இலத்தீன் சொல் இழந்த பயபக்தி இங்கே முழுதாக இருக்கிறது. அதனால்தான் இது ஹாரர் ஆவதில்லை.

எஞ்சியது ‘திகில்’. சட்டென்று உள்ளத்தைக் கவ்வும் அச்சம் என்பது இதன் பொருள். கன்னடத்தில் ‘திகிலு’ என்பதும் அச்சமே. தெலுங்கில் மட்டும் ‘திகுலு’ கவலையாகவும் மனவருத்தமாகவும் இளகியிருக்கிறது; ‘திகுலு படகு’ என்றால் கவலைப்படாதே. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தவை. இன்றும் குடியாத்தத்திலும் காட்பாடியிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் கவலையாகவும் அடுத்த வீட்டில் நடுக்கமாகவும் இச்சொல் இருப்பதை அங்கே கேட்கலாம். எனக்கு இந்தத் தெலுங்குப் பொருள் பிடித்திருக்கிறது, ஏனெனில் நல்ல திகில் படம் திடுக்கிட வைப்பதோடு நிற்காமல் படுக்கை வரை கவலையாகக் கூட வரும்.

ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப், வரப்போவதை எண்ணி விரியும் அச்சத்தையும், வந்துவிட்டதைக் கண்டு உறையும் அச்சத்தையும் வேறு பிரித்தார். அக்கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1826இல் அச்சேறியது. முன்னதை ‘டெரர்’ என்றும் பின்னதை ‘ஹாரர்’ என்றும் அவர் வைத்த கணக்கின்படி பார்த்தால், ஹாண்டிங்கின் கதவுக்குத் திகிலும் ரொமேரோவின் பிணந்தின்னிகளுக்குக் கோரமும் பொருந்தும். நுணுக்கம் வேண்டிய கட்டுரையில் ‘கோரம்’ என்பதைப் பின்னதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். சுவரொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. வகைமையின் பொதுப்பெயராகத் ‘திகில் படம்’ என்பதே என் தேர்வு. மூலச்சொல்லைப் போலவே அதுவும் பார்ப்பவரின் உணர்ச்சிக்குப் பெயர், பேய் வந்தாலும் வராவிட்டாலும் பொருந்தும், ‘திகில் கதை’ என்று அச்சில் ஏற்கெனவே பழகியது. பேய்ப்படம் அதன் உட்பிரிவாக இருக்கட்டும். மர்மப் படம் பக்கத்து வீடு. 1922, 1931 போன்ற ஆண்டுகளின் ஆக்கங்களைக் ‘கிளாசிக் ஹாரர்’ என்று எழுதுவோர் ‘செவ்வியல் திகில் படம்’ என்று எழுதலாம். நாவுக்குக் கடினமாகத் தோன்றினால் ‘பழந்திகில் படம்’ எனலாம்.

‘ஹாரர் காமெடி’க்கு நம் பக்கத்தில் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை. தெருக்கூத்து இரவு முழுக்க நடக்கிற மண்ணில் ‘பேய்க்கூத்து’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. அதற்கு ஒழுங்கற்ற ஆர்ப்பாட்டம் என்ற வசைப்பொருளும் உண்டே என்று ஒருவர் மறுக்கக்கூடும். அண்மையில் வந்த அவ்வகைப் படங்களுள் பாதிக்கு அந்தப் பொருளும் சேர்ந்தே பொருந்துகிறது.