ரோமில் தனி கைடுக்குப் பணம் கட்டும் முன்

தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்களை இத்தாலிக்கு அழைத்துப் போவது என் தொழில். பயணத்திட்டத்தை அனுப்பியதும் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒரே கேள்விதான் வரும். "கூடவே நீங்கள் வருகிறீர்களே, நீங்களே விளக்கிவிட மாட்டீர்களா? தனியாக ஒரு கைடு, அதற்கு யூரோவில் ஒரு செலவு, அவசியமா?"

கேட்பதில் தப்பே இல்லை. முதல் பதில் சட்டம். இத்தாலியில் தொல்லியல் இடங்களுக்குள் நின்று விளக்கம் சொல்லும் வேலையை உரிமம் பெற்ற கைடு மட்டும்தான் செய்யலாம். முன்பெல்லாம் இந்த உரிமம் மாநில வாரியாக இருந்தது. 2023 டிசம்பரில் வந்த சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒரே தேர்வு என்று மாற்றியது. குழுவுடன் போகிற என்னைப் போன்றவர்கள் வண்டி, ஓட்டல், சாப்பாடு, நேரம் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ரோமன் ஃபோரம் என்ற பழைய ரோமின் பொதுச் சதுக்கத்துக்குள் நின்று கையை நீட்டிப் பாடம் நடத்தக் கூடாது. "கைடு வேண்டாம், எங்கள் ஆளே எல்லாம் சொல்லிவிடுவார்" என்று ஒரு ஏஜென்சி சொன்னால், அந்த டூரை எடுப்பதற்கு முன் நன்றாக விசாரியுங்கள்.

இரண்டாவது பதில் அந்த இடத்திலேயே இருக்கிறது. ரோமன் ஃபோரத்தில் அன்டோனினஸ், ஃபௌஸ்டினா கோயில் என்று ஒன்று உண்டு. கி.பி. 141-இல் கட்டத் தொடங்கியது. முன்னால் பெரிய தூண்கள், பின்னால் தேவாலயம். அந்தத் தேவாலயத்தின் கதவு, கீழே நிற்கிற நம் தலைக்கு மேல் பல அடி உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். படி கிடையாது. சும்மா நடந்து போகிறவர் ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கைடு நிறுத்திச் சொல்வார்: இந்தக் கதவு வைத்த காலத்தில் தரையே அங்கேதான் இருந்தது, ரோமர்களின் வீதி அவ்வளவு ஆழத்தில் மண்ணுக்குள் கிடந்தது, மேலே மாடு மேய்ந்தது. அப்புறம் தூண்களின் உச்சியைக் காட்டுவார். சாய்வாக வெட்டிய தடங்கள் தெரியும். கல்லுக்காகத் தூண்களைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த தடம் என்பார்கள். தூண்கள் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி எமிலியா பசிலிக்கா. பசிலிக்கா என்றால் ரோமர்களின் பெரிய பொதுக்கூடம். பணம் மாற்றுகிறவர்கள் கடை போட்டிருந்த இடம். தடுப்புக்கு வெளியே நின்று பளிங்குத் தரையைக் கூர்ந்து பார்த்தால் காசு அளவில் பச்சைக் கறைகள் தெரியும். 410-இல் விசிகோத்துகள் நகரத்தைச் சூறையாடியபோது பிடித்த தீயில் வெண்கல நாணயங்கள் உருகித் தரையோடு ஒட்டிப்போன கறை என்று சொல்லப்படுகிறது. இதைக் காட்டும்போது அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடக் குனிந்துவிடுவார்கள். பலகை வைத்து விளக்கக்கூடிய விஷயமே இல்லை. சுட்டிக்காட்ட ஓர் ஆள் வேண்டும்.

சரி, அந்த ஆள் ஏன் நமக்கென்று தனியாக? பொது டூர் என்றால் முகம் தெரியாத பலரோடு காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரு கொடியின் பின்னால் ஓட வேண்டும். நம் குடும்பங்களில் தாத்தா பாட்டி இருப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது. அதுவும் இத்தாலிய உச்சரிப்பில் வேகமாக வரும் ஆங்கிலம் நமக்கே சிரமம். தனி கைடு என்றால், "ஐயா, நாலு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள், நாங்கள் தமிழில் சொல்லிக்கொள்கிறோம்" என்று கேட்கலாம். மகளோ பேரனோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பாட்டி கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி திரும்பக் கைடிடம் போகும். பெரும்பாலும் அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இப்படி இரண்டு மொழியில் நடந்தால் நேரம் கூடும். ஃபோரத்துக்கும் கொலோசியத்துக்கும் சேர்த்து மூன்று மணி நேரமாவது பேசிவையுங்கள். தனி கைடின் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று வராது, குழுவுக்கு இவ்வளவு என்றுதான் வரும். ஆறு பேர் கொண்ட குடும்பம் பங்கு போட்டுப் பார்த்தால் பொது டூரிலிருந்து பெரிய வித்தியாசம் இருக்காது.

ஏமாற்றம் நடப்பது இதற்குப் பிறகுதான். "பிரைவேட்" என்று விற்கப்படுவது எல்லாம் தனி டூர் கிடையாது. "சின்னக் குழு" என்பதையும் அதே பெயரில் விற்கிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எங்கள் குடும்பம் மட்டும்தானா, கைடு உரிமம் பெற்றவரா, நுழைவுச்சீட்டு இந்தத் தொகைக்குள் அடக்கமா. கடைசிக் கேள்விக்குத்தான் நிறையப் பேர் மழுப்புவார்கள். கொலோசியத்தின் நிலவறையும் சண்டை நடந்த அரங்கத் தளமும் சாதாரண டிக்கெட்டில் வராது. அதற்குத் தனி டிக்கெட், இடமும் குறைவு. "கொலோசியம் டூர்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் மேலிருந்து எட்டிப் பார்க்கிற டூர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"க்யூவில் நிற்க வேண்டாம்" என்ற விளம்பரமும் அப்படித்தான். டிக்கெட் வாங்குகிற வரிசை மிச்சமாகும். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு, எவ்வளவு கொடுத்தாலும் உண்டு.

கொலோசியம் டிக்கெட் கிடைக்காமல் போவதன் பின்னால் ஒரு கதையே இருக்கிறது. தானியங்கி மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளி, கூடவே எதையாவது கட்டி அதிக விலைக்கு விற்றது தொடர்பாக 2025 ஏப்ரலில் இத்தாலிய வணிகப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. முன்பு டிக்கெட் விற்பனையை நடத்திய நிறுவனமும் ஆறு டூர் நிறுவனங்களும் அதில் மாட்டின. மொத்தத் தொகை கிட்டத்தட்ட 2 கோடி யூரோ. அதனால் அதிகாரபூர்வத் தளத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றதும் பதறி, தேடலில் முதலில் வருகிற தளத்தில் கார்டைத் தட்டாதீர்கள். சாதாரண டிக்கெட்டுகள் 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். முதலில் கைடைப் பிடியுங்கள். எந்த வகை டிக்கெட், எத்தனை மணிக்கு என்று அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். வாசலில் கழுத்தில் ஏதோ ஓர் அட்டையைத் தொங்கவிட்டபடி ஆங்கிலத்தில் கூப்பிடுகிறவர்களிடம் நின்று பேச்சே கொடுக்க வேண்டாம். செவ்வாடையும் தலைக்கவசமுமாக நின்று போட்டோவுக்குத் தோளில் கை போடும் போர்வீரர் வேஷக்காரர்களிடமும் அப்படியே. படம் எடுத்தபின்தான் காசு கேட்பார்கள்.

அடுத்தது நமக்கே உரிய சிக்கல்: இனிஷியல். கொலோசியத்தில் 2023 அக்டோபர் முதல் டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது. வெசூவியஸ் எரிமலை புதைத்த பழைய ஊரான பொம்பெயியிலும் 2024 நவம்பர் முதல் அதே நடைமுறை, கூடவே ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரும் 'கே', 'எஸ்' என்ற ஓர் எழுத்தும் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் நின்று விளக்குவது அந்த நாளையே கெடுத்துவிடும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் உள்ளபடி எழுத்து எழுத்தாகப் போடுங்கள். குடும்பப் பெயர் காலி என்றால் நான் இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டுவிடுவேன். 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம்தான், ஆனால் அவர்கள் பெயரிலும் சீட்டு எடுத்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு வருகிற குடும்பங்கள் நிறைய.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் தனி டூரின் முழுப் பலன் இன்னொன்றில்தான் இருக்கிறது. நீங்கள் யார், எந்த ஊர், எதில் ஆர்வம் என்று கைடுக்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. நான் ஒவ்வொரு முறையும் மிளகைப் பற்றி ஒரு வரி எழுதுவேன். ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்று மூன்று பிரம்மாண்ட வளைவுகள் நிற்கின்றன. அதற்கு அடியில்தான் பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. வழக்கமான டூர் அந்த வளைவுகளின் உயரத்தைச் சொல்லிவிட்டு நடந்துவிடும். நாம் எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்த கைடு அங்கே கால் மணி நேரம் நிற்பார். சேரர் துறைமுகமான முசிறியில் ஏறிய மிளகு செங்கடல் வழியாக எகிப்து வந்து, நைல் ஆற்றில் இறங்கி, மத்தியதரைக் கடல் தாண்டி இந்தக் கிடங்குக்கு வந்து சேர்ந்த வழியை விரலால் காற்றில் வரைவார். யவனர் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிய முசிறியை அகநானூற்றில் படித்த நமக்கு, அந்தக் கறி வந்து இறங்கிய இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வியாபாரத்தின் விலையையும் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ரோம எழுத்தாளர் மூத்த பிளினியின் கணக்கில் கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம் போய்விடுகிறது என்று அவர் குறைப்பட்டார். அதே பிளினிதான் கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது கடற்படைக் கப்பலோடு உதவிக்குப் போய் ஸ்டாபியே கரையில் இறந்தவர். ரோமில் மிளகில் தொடங்கிய பேச்சை மறுநாள் பொம்பெயியில் தொடர இதைவிட நல்ல இழை கிடைக்காது.

பொம்பெயியில் கைடின் தரத்தைப் பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: எரிமலை எந்த மாதம் வெடித்தது? ஆகஸ்ட் 24 என்று மட்டும் சொன்னால் பழைய பாடம். நல்ல கைடு, பிளினியின் சகோதரி மகன் எழுதிய கடிதத்தின் பிரதிகளில் அந்தத் தேதி இருப்பதையும், 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய அக்டோபர் தேதி கிடைத்ததையும், அதனால் இலையுதிர் காலம் என்ற கருத்து வலுத்ததையும் சேர்த்தே சொல்வார். உறுதியாகத் தெரியாததை அப்படியே சொல்கிற கைடை நம்பலாம். எல்லாவற்றுக்கும் சுவையான கதை வைத்திருப்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அந்த ஊர் பெரியது. ஏறத்தாழ 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். முழுவதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் எதையும் பார்க்க முடியாது. வீதிகள் எரிமலைக் கல் பாவியவை. தேய்ந்து வழவழப்பாக இருக்கும், வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளங்கள் வேறு. வீதியைக் கடக்க உயரமான கற்கள் வைத்திருக்கிறார்கள். தெருவில் ஓடிய தண்ணீரில் கால் படாமல் தாண்டவும், வண்டிச் சக்கரம் இடையில் புகுந்து போகவும் செய்த ஏற்பாடு. பார்க்க அழகு, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சோதனை. செருப்பு, புதுச் ஷூ இரண்டும் வேண்டாம். பெரியவர்கள் இருந்தால் ஆம்பிதியேட்டர் வாசல் பக்கம் தொடங்கும் சக்கரநாற்காலிப் பாதையைக் கேளுங்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் சமதளமாகப் போகும். ஜூலை, ஆகஸ்ட்டில் நிழல் தேடி அலைய வேண்டியிருக்கும். காலையில் திறக்கும் நேரத்துக்கே கைடை வரச் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலமோ உயரமோ உள்ள பையை உள்ளே விடமாட்டார்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிவிட வேண்டிய விஷயமும் உண்டு. பொம்பெயியின் விலைமாதர் விடுதியும், வெட்டி (Vettii) என்ற குடும்பப் பெயர் கொண்ட வீட்டின் வாசலில் இருக்கும் ஆண்குறி பெரிதாக வரைந்த தெய்வத்தின் ஓவியமும் வழக்கமான பாதையில் வரும். மாமனார், மருமகள், பத்து வயதுப் பிள்ளை எல்லோரும் சேர்ந்து நிற்கும்போது சங்கடம் வரும். தவிர்ப்பதா, பெரியவர்கள் மட்டும் பார்ப்பதா என்று நீங்கள் சொன்னால் கைடு பாதையை மாற்றிக்கொள்வார். இறந்தவர்களின் வடிவ வார்ப்புகளும் அப்படித்தான். 1863-இல் ஃபியொரெல்லி என்ற தொல்லியல் அறிஞர், உடல் மக்கிப்போன பின் சாம்பலுக்குள் இருந்த வெற்றிடத்தில் ஜிப்சம் கலவையை ஊற்றி எடுத்த முறை அது. கையால் முகத்தை மூடியபடி கிடக்கும் உருவத்தைப் பார்த்துச் சில குழந்தைகள் அன்றிரவு தூங்குவதில்லை. அவை சிலைகள் இல்லை, மனிதர்கள் கடைசியாக இருந்த நிலை. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. தயவுசெய்து வேண்டாம்.

சுவரோவியங்களில் கை வைக்காதீர்கள் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். குறுகலான அறையில் திரும்பும்போது முதுகுப் பை உரசுவதை யாரும் கவனிப்பதில்லை. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். 2010 நவம்பரில் இங்கே ஒரு கட்டடம் முழுசாகச் சரிந்து விழுந்தது. அதன் பிறகு 10 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்துத்தான் ஊரைத் தாங்கிப் பிடித்தார்கள். கல்லையோ ஓட்டுத் துண்டையோ நினைவுக்கென்று எடுத்துவருவதும், சுவரில் பெயர் கீறுவதும் சிறைவரை போகும் குற்றம்.

பொம்பெயியில் கிடைத்த 'லட்சுமி'யைப் பார்க்கக் கேட்பவர்களுக்கு: 1938-இல் கிடைத்த அந்தத் தந்தச் சிலை பொம்பெயியில் இல்லை, நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது பல ஆய்வாளர்கள் அதை யட்சி என்கிறார்கள். வைத்திருப்பது பெரியவர்களுக்கான 'ரகசிய அறை'யில், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெரியவர் துணையோடுதான் உள்ளே போகலாம். அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ரோமுக்குப் பக்கத்தில் கூட்டமில்லாமல் ஒரு பழைய துறைமுக ஊரைப் பார்க்க நினைத்தால் ஒஸ்தியா அந்திகா, அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு இடங்களில் நுழைவு இலவசம் என்பதால் அன்றைக்குக் கூட்டம் நெரியும், தனி கைடு வைத்தும் பயன் இருக்காது. விமான டிக்கெட் போடும் முன் இந்த மூன்று நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.