அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்

சென்ற சனிக்கிழமை காலை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா எங்கள் செடித் தவறணைக்கு வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் பூச்சாடி. சாடியில் பேபிஸ் பிரெத் செடி (பூங்கொத்துகளில் இடையிடையே செருகும் சின்ன வெள்ளைப் பூ), முழுவதும் கருகிப்போய்.

"தம்பி, இது மூண்டாவது. காலமையும் பின்னேரமும் தவறாமத் தண்ணி விடுறன். பிறகேன் இப்பிடிப் போகுது?"

சாடியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் ஒரே கட்டியாக வந்தது, கூடவே புளித்த வாடையும். வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் வழுக்கி என் விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல்போல நரம்பு மட்டும் மிச்சம். வேரழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இந்த மாதத்தில் மட்டும் இப்படி என்னிடம் வந்த ஏழாவது சாடி இது. இனியும் ஒவ்வொருவருக்காக வாயால் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பூ பஞ்சுபோல இருக்கிறது, தண்டு நூல்போல இருக்கிறது, பெயரிலும் 'பேபி' இருக்கிறது. ஆகவே குழந்தையைப்போல நிழலில் வைத்து, நிறைய எரு போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். இது கல்லிலும் மணலிலும் வளர்ந்து பழகிய செடி. பூக்கடைகளில் அதிகம் காண்கிற பெரிய இனம் கிழக்கு ஐரோப்பாவின் வறண்ட வெளிகளைச் சேர்ந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையின் மணல்மேடுகளில் அது களையாகப் பரவி, பிடுங்கி எறிய ஆட்களை வைத்திருக்கிறார்கள். வெறும் மணலில் ஆழமாக ஆணிவேர் இறக்கி, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே நிற்கிற செடியை நாம் ஈரச்சேற்றில் உட்கார வைத்துவிட்டு, பாவம் வாடுகிறதே என்று இன்னும் ஒரு கோப்பை ஊற்றுகிறோம். வேர் அழுகினால் செடியால் நீர் உறிஞ்ச முடியாது, இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து மறுபடியும் தண்ணீர். இந்த ஏழு சாடிகளும் செத்தது இப்படித்தான். ஒன்றுகூடத் தாகத்தால் சாகவில்லை.

இதன் தாவரவியல் பெயர் ஜிப்சோபிலா. கிரேக்கத்தில் 'ஜிப்சத்தை விரும்புவது' என்று பொருள். ஆம், வீட்டு சீலிங்குக்கு அடிக்கிற அதே ஜிப்சம்தான். சுண்ணாம்புச் சத்துள்ள, புளிப்பில்லாத மண் வேண்டும் என்பதைப் பெயரே சொல்கிறது. கொழும்பில் கொட்டுகிற மழை மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சாடிக்கு ஒரு சிறு கைப்பிடி டொலமைட் (சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து வையுங்கள். முட்டைக்கோது போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது கரைவதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும்.

மண் கலவையில் பாதி பரும்படியான ஆற்றுமணலாக இருக்கட்டும். கூட்டெரு கொஞ்சம் போதும். தும்புத்தூள் வேண்டவே வேண்டாம், அது நீரைப் பிடித்துவைக்கும். வெயில் ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். மேல்மண்ணில் விரலை விடுங்கள், ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். அந்தத் தட்டில் நிற்கும் நீரில் நுளம்பு முட்டையிடும். டெங்குச் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

அடுத்தது, விற்பவர்கள் வாங்குபவரிடம் சொல்லாமல் விடுகிற விஷயம். பேபிஸ் பிரெத் என்று இரண்டு வகை கிடைக்கிறது. ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும் என்று சொல்லித் தருவது பனிக்குலேட்டா. அது நிற்பது குளிர்நாட்டில். பூக்க அதற்கு நீண்ட பகல் வேண்டும். கொழும்பில் மிக நீண்ட பகலே ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம்தான். பூமத்திய ரேகை ஓடும் எக்குவடோரிலும் கென்யாவிலும் ஏற்றுமதிக்கு வளர்ப்பவர்கள் உயரமான, குளிரான இடம் பார்த்து, அப்படியும் இரவில் விளக்குப் போட்டுத்தான் பூக்க வைக்கிறார்கள். உங்கள் பல்கனியில் அது இலையாகவே இருப்பதற்கு உங்கள் கைராசி காரணமில்லை. காசை வீணாக்காதீர்கள்.

நமக்கு ஏற்றது எலிகன்ஸ் என்ற ஒருபருவ வகை. விதை வாங்குங்கள், நாற்று வேண்டாம். இதன் வேர் இடம் மாற்றுவதைத் தாங்காது, ஆகவே பூக்கப்போகும் சாடியிலேயே விதைத்து, மெல்லிய மணல் தூவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைத்தால் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். மார்கழி பிறந்து வானம் வெளித்த பின் விதைத்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூக்கும். முழங்கால் உயரம்தான் வரும். பூத்து முடிந்ததும் செடியும் முடிந்துவிடும், அது உங்கள் தவறில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வந்தால் பங்குனி வரை வெட்டலாம்.

வெட்டுவது காலையில், கிளையில் பாதிப் பூ விரிந்த பிறகு. எல்லாம் மொட்டாக இருக்கும்போது வெட்டினால் வெறும் தண்ணீரில் விரியாது. நீரில் அமிழும் இலைகளை உருவி எறிந்துவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முக்கியமாக, சாப்பாட்டு மேசையில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயுவில் இந்தப் பூ சீக்கிரமே சுருங்கிவிடும். கல்யாண மண்டபத்துக்குப் பூவையும் பழத்தட்டையும் ஒரே வான் வண்டியில் அடைத்து அனுப்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றை எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. இப்போது பிறந்தநாள் கேக்கில் இந்தப் பூவைச் செருகுவது வழக்கமாகிவிட்டது. இது உண்ணும் பூ அல்ல. இதில் சபோனின் என்ற சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் இருக்கிறது. வாயில் போட்ட பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும், பூனைக்கு வாந்தி எடுக்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். நாள்முழுக்கக் காய்ந்த பூவைக் கையாளும் பூக்கடைக்காரருக்கு ஆஸ்துமா வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நீல நிறத்தில் வருவது சாயம் ஏற்றியது, பூ இயற்கையில் வெள்ளை அல்லது ரோஸ் மட்டும்தான். கிறீமுக்குள் காம்பைக் குத்தாதீர்கள். மேசையைச் சுற்றி வையுங்கள், அழகாகவே இருக்கும்.

அந்த அம்மாவுக்கு மகளின் கல்யாணம் தையில். வீட்டில் வளர்த்த பூவாலேயே மணவறையைச் சோடிக்க ஆசைப்பட்டிருக்கிறார். நாலு சாடிப் பூ மணவறையின் ஒரு மூலைக்கும் காணாது. கல்யாணத்துக்கு நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் பூவை முன்கூட்டியே சொல்லி வாங்கச் சொன்னேன். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, சாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒரு சிறு பொட்டலம் எலிகன்ஸ் விதையும் கொடுத்தேன். மார்கழி முதல் வாரம் விதைக்கிறதாகச் சொல்லிப் போனார். தட்டை மட்டும் இங்கேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.