ஏரிக்கரையில் முதலில் கட்ட வேண்டியது செல்ஃபி மேடை அல்ல

போன வாரம் இன்னொரு கோப்பு வந்தது. எங்கோ தொலைவில் ஓர் ஏரி, சுற்றிலும் நாலைந்து சிற்றூர்கள். 'இளைஞர்களை ஈர்க்கும் நிலைத்த சுற்றுலா' என்று அட்டையில் பெரிய எழுத்தில் தலைப்பு. உள்ளே முதல் பக்கத்தில் கண்ணாடிப் பாலம். அடுத்த பக்கத்தில் ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்துகளில் நிறுத்தி, நடுவில் சிவப்பு இதயம் ஒன்றும் சொருகிய செல்ஃபி மேடை. அதற்கடுத்து ஜெட் ஸ்கீ. அப்படியானால் 'நிலைத்த' எங்கே என்று தேடிப் போனால், கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பெங்குவின் வடிவக் குப்பைத் தொட்டிகள் பன்னிரண்டு.

நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்தக் கோப்பில் 'கழிப்பறை' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. நம்பாமல் இரண்டு முறை தேடினேன்.

நீர்நிலைகளை ஒட்டிய ஊர்களுக்குச் சுற்றுலாத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்த ஆண்டில் மட்டும் இதே அச்சில் வார்த்த நாலாவது கோப்பு இது. மற்ற மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன். இப்போது பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மூடநம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். இளைஞர் என்றால் கையில் கேமராவோடு பிறந்த ஓர் இனம், எதன் முன்னாலாவது நிற்க வைத்தால் போதும், படமெடுத்துப் போடுவார்கள், அதைப் பார்த்து இன்னும் நூறு பேர் வருவார்கள், ஊர் செழிக்கும். இதுதான் கணக்கு. படம் எடுப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேடைக்காக வருபவர் மேடையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று யாராவது நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடம் வரிசை, மூன்று நிமிடம் படம், அப்புறம் வண்டி கிளம்பிவிடும். ராத்திரி தங்குவதில்லை, ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, குப்பையும் நெரிசலும் மட்டும் மிச்சம். இன்னொன்று, அதே இதயம், அதே எழுத்துகள் அடுத்த ஏரியிலும் வந்துவிட்டால் உங்கள் ஏரிக்கு எதற்கு வரவேண்டும்? பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே.

வெறும் படத்துக்காகக் கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டைப் பாருங்கள். எண்ணூறு பேர்கூட வசிக்காத ஏரிக்கரைச் சிற்றூர் அது. உச்சப் பருவத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து இறங்கினார்கள். 2023 மே மாதம், எல்லோரும் படமெடுக்கும் இடத்தில் காட்சி தெரியாதபடி மரத்தட்டி வைத்து மறைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்காரர்களே பதாகையோடு தெருவில் இறங்கினார்கள். இதில் வேடிக்கை, அங்கே யாரும் செல்ஃபி மேடை கட்டவில்லை. ஊரின் அழகே அந்த வேலையைச் செய்துவிட்டது. நாம் காசு கொடுத்து அந்தத் தொல்லையை வாங்கப் பார்க்கிறோம்.

சரி, இளைஞர்கள் என்னதான் கேட்கிறார்கள்? ஒவ்வொரு திட்டத்துக்கு முன்னாலும் அவர்களிடம் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். கண்ணாடிப் பாலம் வேண்டும் என்று தானாக வாய்திறந்து கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. சொந்த வண்டி இல்லாமல் எப்படி வருவது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கையிலிருக்கும் காசுக்குப் படுக்க இடம் கிடைக்குமா, தனியாக வரும் பெண்ணுக்கு அந்த இடத்தில் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்குமா, சக்கர நாற்காலியில் வரும் நண்பன் தண்ணீர் வரைக்கும் வரமுடியுமா, பகல் முழுக்க என்ன செய்வது. கேள்விகள் இவைதான். ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வயது வரை. அந்த வயதில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? கோப்பிலோ இருநூறு கார் நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பேருந்து பற்றி ஒரு வரி இல்லை.

இளைஞர் விடுதி என்ற ஏற்பாடே படுக்க இடம் தேடித்தான் பிறந்தது. 1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப் போனபோது புயலில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரி ஒதுங்கினார். விடுமுறையில் சும்மா கிடக்கும் கட்டடங்களில் பிள்ளைகளைத் தங்கவைத்தால் என்ன என்று தோன்றியது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. பாருங்கள், புதிதாக எதையும் கட்டாமல் இருப்பதைப் பயன்படுத்தியிருக்கிறார். உங்கள் ஊர்களிலும் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இருக்கும், முதலில் அவற்றை எண்ணிப் பாருங்கள்.

இப்போது கழிப்பறை. இதைப் பற்றிப் பேசினால் கூட்டங்களில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேளுங்கள். ஏரி ஆறு அல்ல. போட்டது போய்விடாது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் விழும் ஒரு துளி நீர் வெளியேற சராசரியாக ஏறக்குறைய 650 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், சுப்பீரியர் ஏரியில் 190 ஆண்டு. உங்கள் ஏரி சின்னது, இவ்வளவு ஆகாது. ஆனால் சின்ன ஏரியில் கலக்கத் தண்ணீரும் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

"நாலு பேர் புதர்ப் பக்கம் போனால் ஏரி கெட்டுவிடுமா?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். நாலு பேர் போனால் கெடாது. சனி ஞாயிறுக்கு நாலாயிரம் பேர் வரவேண்டும் என்றல்லவா திட்டம் போடுகிறீர்கள்? கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. 1973-இல் ஏரி ஆராய்ச்சியாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் 226 என்ற எண்ணிட்ட ஏரியை ஒரு திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கரிமமும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது, மறுபக்கம் தெளிவாக இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைத்தான் நான் எல்லாக் கூட்டத்திலும் முதலில் காட்டுவேன். பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்றால், தங்கும் விடுதியின் செப்டிக் டேங்கிலிருந்து, உரம் போட்ட புல்வெளியிலிருந்து, அப்புறம் நம் எல்லோரிடமிருந்தும்தான். சிறுநீரில் இருக்கிறது. "மணலில் இறங்கி வடிகட்டிப் போய்விடும்" என்பது இரண்டாவது மூடநம்பிக்கை, அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.

பிரான்ஸின் ஆன்சி ஏரி 1950-களில் கெட்டுக்கொண்டிருந்தது. கரையோர ஊர்கள் 1957-இல் ஒன்றாகச் சேர்ந்தன. அப்புறம் ஏரியைச் சுற்றிலும் கழிவுநீர்க் குழாய் போட்டு, ஒரு சொட்டும் ஏரிக்குள் விழாமல் வெளியே கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள். இன்று அங்கே குளிக்க வரும் கூட்டம் அந்தக் குழாய்க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பூமிக்கடியில் இருக்கும் குழாய்க்கு நாடா வெட்டுவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்சி மறைக்கிறது என்று கரையோர நாணலையும் கோரையையும் வெட்டாதீர்கள். அலையை அடக்குவது அது, மீன் முட்டையிடுவது அங்கே. வேறு ஏரியில் போட்ட கயாக் படகைக் கழுவிக் காயவைக்காமல் இங்கே இறக்க விடாதீர்கள். ஈரத்திலேயே சிப்பியும் களையும் குடியேறிவிடும், வந்தபின் ஒழிக்க முடியாது. ஆழமில்லாத ஓரத்தில் விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகு போதும். இரவில் கரை முழுக்க வண்ணவிளக்கு எதற்கு? நட்சத்திரம் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

வருகிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நீச்சல் தெரியும் என்பது குளத்து நீச்சல். ஏரியில் மேலே வெதுவெதுப்பாக இருக்கும், ஓர் ஆள் ஆழத்தில் சில்லென்று பிடிக்கும். திடீரென்று குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சு தானாக உள்ளிழுக்கும், அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. பயந்து அடிக்காமல் மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், படத்துக்காகக் கழற்றாதீர்கள், குடித்துவிட்டு இறங்காதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். கரையில் கூடிநின்ற பெற்றோர் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிடக் கூடாது. 'இளைஞர்' என்று கோப்பில் வரும் இடமெல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்தான். அந்த ஏரிக்கரையிலேயே பிறந்து, வேலை தேடி ஊரைவிட்டுப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கே? வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலையைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் எழுதப்படவில்லை.

ஓர் ஏரியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினேழு வயதிருக்கும், ஊர்ப்பெண். கல்லூரி மாணவர்கள் நாலு பேரைத் துடுப்புப் படகில் நடு ஏரிக்குக் கூட்டிப் போனாள். 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசிய தட்டு ஒன்று, அதில் கட்டிய கயிறு. செக்கித் தட்டு என்பார்கள், எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து நீரின் தெளிவை அளக்க 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி தொடங்கிவைத்த முறை. படகின் நிழல் பக்கமாகக் குனிந்து தட்டை மெல்ல இறக்கினாள். நாலு பேரும் தலையை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள், எனக்கு இன்னும் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்று ஒரே சண்டை. மறைந்த இடத்தில் கயிற்றில் ஒரு துணிக் கிளிப், மேலே இழுக்கும்போது மறுபடி தெரிந்த இடத்தில் இன்னொரு கிளிப், இரண்டுக்கும் நடு அளவு. மூன்று மீட்டர் நாற்பது. நோட்டில் குறித்துவிட்டு, போன வருஷம் இதே மாதம் நாலு இருபது என்று முந்தைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஏன் குறைந்தது என்று ஒருவன் கேட்டான். அவள் பதில் சொல்லாமல், எதிர்க்கரையில் வரிசையாக முளைத்திருந்த புது விடுதிகளைத் துடுப்பால் சுட்டினாள். கரை திரும்பும் வரை யாரும் கேமராவை எடுக்கவில்லை.

டாஹோவில் 1968 முதல் இதே தட்டால் அளந்து வருகிறார்கள். அப்போது 30 மீட்டருக்கு மேல் தெரிந்தது, இப்போது 20-ஐ ஒட்டி நிற்கிறது. உங்கள் ஏரிக்கு இன்று என்ன எண் என்று ஊரில் யாருக்காவது தெரியுமா? ஒரு தகரத்தட்டும் கொஞ்சம் பெயிண்டும் கயிறும் போதும் இதற்கு.

கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஒரு வரிகூடத் திருத்தாமல், நாலே கேள்விகளோடு. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? கழிவுநீர் எங்கே போகிறது? ஊரில் இருபது வயதுக்குட்பட்டவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? தட்டு எத்தனை மீட்டரில் மறைகிறது? நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கண்ணாடிப் பாலத்தை வேண்டுமானால் கொஞ்சம் குட்டையாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள்.