இல்லாத புகைக்கூடத்தைக் கால்கள் அறியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டச் சிறுநகரங்களில் பெரியவர்களிடம் வழி கேட்டால், "புகைக்கூடம் தாண்டி இடப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்வார்கள். ரப்பர் ஷீட் உலர்த்திய அந்தக் கூடம் இடிக்கப்பட்டு, அங்கே தாமான் என்னும் புதிய குடியிருப்பின் வீடுகள் எழும்பிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இதை வெறும் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூளை இடத்தை அறியும் முறையே இதற்குள் அடங்கியிருக்கிறது.

மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-இல் வெளியிட்டார். அதன் அண்டைப் பகுதியில், தரையைச் சம இடைவெளிகளில் அளப்பதுபோல் இயங்கும் அணுக்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-இல் அறிவித்தனர். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊருக்கு இவற்றைவிட நெருக்கமானது 2013-இல் மோசர் குழுவினர் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு: எலியின் கூண்டில் இருந்த பொருளை எடுத்துவிட்ட பிறகும், அது முன்பு இருந்த இடத்துக்கு எலி வரும்போது சில அணுக்கள் நாள் கணக்கில் துடித்துக்கொண்டிருந்தன. எலியில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது அவசரம்தான். ஆனாலும், அகற்றப்பட்டதற்கும் மூளை இடம் ஒதுக்குகிறது என்ற செய்தி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இழந்த நமக்குப் பொருள் மிக்கது.

ஊர் மாறும்போது கண்ணுக்கு முன்பே மற்றப் புலன்கள் அதை உணர்ந்துவிடுகின்றன. ரப்பர் தரும் பால்மரக் காட்டில் சருகும் இலையும் ஒலியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால் காலடி ஓசை மெத்தென்று அடங்கும். வெயில் ஏறிய நேரத்தில் முற்றிய காய் பட்டென்று வெடித்து, கொட்டைகள் சருகில் தெறிக்கும் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்கும். தாமான் தெருவிலோ, ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் சிமெண்டுச் சுவரில் மோதித் திரும்புகிறது. சுவர் மூன்றரை மீட்டர் தொலைவில் இருந்தால், வினாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அது காதுக்கு வந்துவிடும். இவ்வளவு விரைவாக வருவதைக் காது தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை. மூல ஒலியோடு சேர்த்துக்கொண்டு, "இங்கே சுவர் இருக்கிறது" என்ற உணர்வாக மாற்றித் தருகிறது.

மூக்கின் வழி இன்னும் நேரானது. கட்டியாக உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலில் பாக்டீரியாக்கள் புரதத்தையும் சர்க்கரையையும் சிதைக்கும்போது அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்கள் ஆவியாகி அந்தப் புளித்த நெடியை எழுப்புகின்றன. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் மேலடுக்கான புறணியை அடைகின்றன. மணமோ அதற்குக் காத்திராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளின் வாசலுக்கே சென்றுவிடுகிறது. ஒட்டுப்பால் லாரி ஒன்று கடந்து போனால், விற்கப்பட்ட தோட்டம் முழுவதும் கண்முன் வந்து நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம். தோலும் கணக்கு வைக்கிறது: இலை வழியே வெளியேறும் நீராவியால் மரநிழல் குளிர்ந்திருக்க, தார்ச்சாலை பகலில் வாங்கிய வெப்பத்தை அந்தி சாய்ந்த பிறகும் கணுக்கால்மேல் வீசிக்கொண்டிருக்கும்.

இவை அனைத்தையும் ஒன்றாகக் கோப்பது நடை. அடி எடுத்து வைக்கும்போது தசைகளும் மூட்டுகளும் உட்காதின் அரைவட்டக் குழாய்களும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எலிகளைச் சிறு வண்டியில் ஏற்றிச் சுற்றவிட்ட சோதனையில், அவை தாமாக ஓடியபோது இருந்ததைவிட ஓ'கீஃப் கண்ட இட அணுக்கள் துடிக்கும் எல்லைகள் அகன்று, அவற்றின் துல்லியம் குறைந்தது. தாமானிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வேனில் போய் வரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இந்தச் சோதனைதான் கவலை தருகிறது. வாரம் ஒரு நாளாவது, வெயில் ஏறும் முன்பு, தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ உடன்வர, பிள்ளைகள் அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும். எந்த வளைவில் காற்று குளிர்கிறது, எங்கே காலடி ஓசை மாறுகிறது, எங்கே செம்பனை ஆலையின் வாடை தொடங்குகிறது என்று ஒரு தாளில் அவர்களே குறித்து வரட்டும். பெரியவர் "இங்கேதான் பெரட்டுக் களம் (தொழிலாளர் காலையில் கூடிய இடம்) இருந்தது" என்று நிற்கும் இடங்களையும் அதே தாளில் சேர்க்கட்டும்.