கடைமடைக்கும் ரத்தம் போக வேண்டும்

தலைஞாயிறு பக்கம் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லணை திறந்த செய்தி வந்து எத்தனையோ நாள் கழித்தும், பாசனத்தின் கடைசி முனையில் இருக்கும் எங்கள் வாய்க்காலில் வெடித்த மண்தான் கிடக்கும். சித்தப்பாவின் குதிகாலைப் பவர் டில்லர் கிழித்த வருஷம், அவருடைய காலிலும் ஒரு கடைமடை இருந்ததைத் தெரிந்துகொண்டேன்.

குதிகாலுக்குப் பின்புறம் தோலே இல்லை, எலும்பு தெரிந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். "அது இங்கே பிடிக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காரணம் எளிமையானது. ஒட்டுவதற்காகச் சீவி எடுக்கும் தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது தன் ரத்தக் குழாயைக் கூடவே கொண்டு வருவதில்லை. முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். அப்புறம் அடியிலிருந்து நுண்குழாய்கள் வந்து அதன் குழாய்களோடு சேரும். நட்ட நாற்று சில நாள் வாடி நின்று, வேர் பிடித்தபின் பச்சை கட்டுவது போலத்தான். மேல்சவ்வு உரிந்த எலும்போ சிமெண்ட் களம். அதில் எந்த நாற்று வேர் பிடிக்கும்?

அந்த மாதிரி இடத்துக்கு ஃபிளாப் வேண்டும். தோலையும் அடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்து எடுப்பார்கள், ஆனால் ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியே இருக்கும். அந்த வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும். நாற்றைப் பறிக்காமல், வயலையே வாய்க்காலோடு நகர்த்துவது என்று வைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு ஆடுசதையின் மேல் உள்ள தோலை எடுத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும்படி விட்டு, தலைகீழாகத் திருப்பிக் குதிகாலை மூடுவதாகத் திட்டம். பிரான்ஸைச் சேர்ந்த மஸ்கலே குழுவினர் 1992-இல் விவரித்த முறை இது. மதகு கணுக்கால் பக்கம், கடைமடை ஆடுசதையின் மேல்முனை. எந்த முனை புண்ணை மூட வேண்டுமோ அந்த முனைக்குத்தான் ரத்தம் கடைசியாகப் போகும். கருத்துப்போனால் அதுதான் முதலில் கருக்கும்.

ஃபிளாப்பின் அடி அகலமாக இருந்தால் நீளத்தையும் கூட்டலாம் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1970-இல் மில்ட்டன் என்ற ஆய்வாளர் இதைப் பன்றிகளிடம் சோதித்தார். எலி, முயலின் தோல் தளர்வாகத் தொங்கும். பன்றித் தோல் மனிதத் தோலைப் போல அடியோடு பிடித்திருக்கும், அதனால் பன்றி. வெவ்வேறு அகலத்தில் வெட்டிப் பார்த்தார். ஒரே மாதிரி ரத்த ஓட்டம் உள்ள இடத்தில் அகலமானதும் ஒடுக்கமானதும் ஏறக்குறைய ஒரே நீளம்தான் பிழைத்தன. வாய்க்கால் கரையை எவ்வளவு அகலமாக வெட்டினால் என்ன, மதகில் வரும் தண்ணீர்தானே கணக்கு? எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்லாரும் நம்பிய ஒரு விதியை, பொறுமையாக வெட்டி அளந்தே உடைத்துவிட்டார் ஒருவர்.

அப்படியானால் எந்த மதகு எந்த வயலுக்கு? 1987-இல் ஆஸ்திரேலியாவின் டெய்லரும் பாமரும் இறந்த உடல்களின் ரத்தக் குழாய்களில் ஈய ஆக்ஸைடைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பு சுமார் 40 ஆயக்கட்டுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தமனி. பக்கத்து ஆயக்கட்டோடு இணைக்கும் மெல்லிய குழாய்களும் இருந்தன, தூர்ந்துபோன இணைப்பு வாய்க்கால் போல.

டாக்டர் ஒரே தடவையில் முடிக்காமல் இரண்டு ஆபரேஷன் என்று சொன்னபோது வீட்டில் எல்லாருக்கும் கோபம். செலவை இழுக்கிறார் என்றுகூடப் பேசினோம். அந்தப் பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. முதல் தடவை ஃபிளாப்பின் ஓரங்களை மட்டும் வெட்டி, அதே இடத்திலேயே தைத்துவிட்டார். வழக்கமாக வந்த ரத்தத்தில் ஒரு பகுதி நின்றதும் தோல் தவிக்கிறது; அந்தத் தவிப்பில் தூர்ந்த இணைப்புக் குழாய்கள் விரிகின்றன. விலங்குச் சோதனைகளில் இந்த விரிவு பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். குழாய்கள் விரிந்தபின் அதே ஃபிளாப்பைத் திருப்பினால் கடைமடைக்கும் ரத்தம் போகும்.

தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வடிய வேண்டும் என்பதும் டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஃபிளாப்பின் வடிகால் சிரைகள். அவை அடைத்துக்கொண்டால் தோல் நீலம் பாரித்து வீங்கும். ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பாக ரத்தம் சட்டென்று வரும். அந்த நேரத்தில் மருத்துவ அட்டைகளைக் கடிக்க விடுவதும் உண்டு. அவற்றின் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. அட்டை விழுந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். புதுச் சிரைகள் உருவாகும்வரை அந்தக் கசிவுதான் வடிகால்.

சித்தப்பாவுக்கு அட்டை தேவைப்படவில்லை. இரண்டாவது ஆபரேஷன் முடிந்த இரவு முழுக்க நர்ஸம்மா வந்து வந்து முனையை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த இடத்தில் ஓரிரு நொடியில் சிவப்பு திரும்பியது. ஆடுசதையில் தோல் எடுத்த இடத்துக்குத் தொடையிலிருந்து தோல் ஒட்டினார்கள். அங்கே அடியில் உயிருள்ள சதை இருந்ததால் அது பிடித்துக்கொண்டது.

ஃபிளாப்போடு ஒரு நரம்பும் போய்விட்டதால் பாதத்தின் வெளி ஓரத்தில் அவருக்கு உணர்ச்சி இல்லை. சம்பா நடவுக்கு இறங்கி ஏறினால், சாயங்காலம் வாசல் விளக்கடியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி முள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்.