தொட்டிக்கரி சூப்பர் கெபாசிட்டர் ஆகும் விதம்

நெல் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பலாக மிஞ்சும், பெரும்பாலும் சிலிக்கா. தேங்காய்த் தொட்டியில் (கொட்டாங்குச்சியில்) நூற்றுக்கு ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம். மின்னேற்றத்தைச் சேமிக்கும் கருவியான சூப்பர் கெபாசிட்டருக்குத் தொட்டிக்கரியைத் தேடுவது இதனால்தான். சாம்பல் எடையைக் கூட்டுமே தவிர மின்னேற்றத்தைத் தாங்காது. அதிலுள்ள இரும்பு, சேமித்ததையும் கசியவிடும்.

இக்கருவியில் அயனிகள் கரியின் துளைச் சுவரில் அணிவகுத்து நிற்பதே சேமிப்பு. ஆகவே துளைகள் வேண்டும்.

நார் போகச் சுரண்டி உலர்த்திய தொட்டியை நைட்ரஜன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி ஒரு மணி நேரம் வைத்தால், 100 கிராமுக்கு 30 கிராம் அளவில் கரி கிடைக்கும். அதைப் பொடித்து, கரியைப்போல் மூன்று மடங்கு எடை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கரைத்த நீரில் ஊறவைத்து, உலர்த்தி, நிக்கல் மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) 800 டிகிரியில் மீண்டும் ஒரு மணி நேரம். பீங்கான் மூசை கூடாது. உருகிய காரம் அதை அரித்து, சிலிக்காவைக் கரியிலேயே கலந்துவிடும்.

இந்தச் சூட்டில் காரம் கார்பனைத் தின்று கார்பனேட்டாக மாறுகிறது. 700 டிகிரிக்கு மேல் பொட்டாசியம் உலோகமும் பிறந்து, ஆவியாகிக் கார்பன் அடுக்குகளுக்குள் நுழைந்து அவற்றை நெம்பி விலக்குகிறது. துளைகள் பிறக்கும் இடம் இதுதான், ஆபத்தும் இங்கேதான். உலை முழுதாக ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் மிச்சமுள்ள பொட்டாசியம் காற்றின் ஈரம் பட்டதும் தீப்பற்றும்.

பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், வடிநீர் நடுநிலைக்கு வரும்வரை வெந்நீரிலும் கழுவ வேண்டும். அரைகுறையாகக் கழுவினால் உப்பு துளைகளை அடைத்துக்கொள்ளும். அருமையான கரிகூட அளவீட்டில் மட்டமாகத் தெரியும்.

தொழிற்சாலைகளில் பெரும்பாலும் காரத்துக்குப் பதில் 900 டிகிரி வாக்கில் நீராவி. அதில் கிராமுக்கு 1,500 சதுர மீட்டர் துளைச் சுவர்ப் பரப்பு கிடைக்கும். கார முறையில் 2,500-ஐத் தாண்டலாம். ஆனால் பரப்பு எண்ணை மட்டும் துரத்துவது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. காரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் துளைச் சுவர்கள் இடிந்து கரி பஞ்சுபோல் ஆகும். அதே டப்பாவுக்குள் குறைந்த எடைதான் அடங்கும்.

மின்முனைக்குக் கரி 80, மின்சாரம் கடத்தும் கார்பன் பிளாக் 10, ஒட்டுப்பொருள் 10 என்ற எடை விகிதம் பழக்கத்தில் உள்ளது. கரிமக் கரைப்பானில் ஆன மின்பகுளி (அயனிகளைத் தரும் கரைசல்) என்றால் அலுமினியத் தகட்டில் பூசி, 120 டிகிரி வெற்றிடத்தில் ஈரம் போக உலர்த்தலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடே மின்பகுளி என்றால் நிக்கல் நுரையில்தான் பூச வேண்டும். அலுமினியத்தை அந்தக் காரம் ஹைட்ரஜன் குமிழி விட்டபடி கரைத்துவிடும்.