நாற்பத்திரண்டு வயதுக் கையில் நான்கு வயது ஜவ்வு

சான் ஹோசேயிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அலுவலகத்தில் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ரசிகர்கள் நாலைந்து பேர். பரம வைரியான ஜயன்ட்ஸ் அணி 2025 ஜனவரியில் பிட்ச்சர் (பந்தெறிபவர்) ஜஸ்டின் வெர்லாண்டரை ஓராண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு எடுத்ததிலிருந்து மதிய உணவு வேளையில் இதே பேச்சுதானாம். "பிப்ரவரியோடு 42 வயது, இதற்கா இவ்வளவு பணம்?" என்று பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேருக்கு உள்ளூர உதறல். "2020இல் முழங்கை ஜவ்வு போனவர் எப்படி சார் இன்னும் எறிகிறார்?" என்பது வாசகரின் கேள்வி.

ஜவ்வு என்று நாம் சொல்வது எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் நார். முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்புக்கும் முன்கை எலும்புக்கும் இடையே இருப்பதுதான் பிட்ச்சர்களின் எமன். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் தவறு. பேஸ்பாலில் மடக்கிய கையைச் சொடுக்குவதுதான் வித்தையே. தோளில் கை சுழலும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி. அதாவது நொடிக்கு 19 சுற்றுக்கு மேல். வீட்டுக் கூரை மின்விசிறி முழு வேகத்தில் ஆறேழு சுற்றுதான் சுற்றும். மேற்கை முன்னே பாய, முன்கை பின்தங்க, முழங்கையின் உள்பக்கம் பிளக்கப் பார்க்கிறது. ஒரு மீட்டர் கம்பின் நுனியில் ஆறு கிலோவைக் கட்டித் தொங்கவிட்டால் மறுநுனியில் எவ்வளவு முறுக்கு விழுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது அதில் பாதிக்கே ஜவ்வு அறுந்தது. உயிருள்ள கையில் முன்கைத் தசைகள் பாரத்தில் பங்கெடுத்துக்கொள்வதால்தான் தப்பிக்கிறது, பல நாள்.

1974இல் டாமி ஜான் என்ற டாட்ஜர்ஸ் பிட்ச்சருக்கு இது அறுந்தது. அதுவரை, அறுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், நூற்றில் ஒரு வாய்ப்பு என்று சொல்லிவிட்டு, ஜானின் மறுகை மணிக்கட்டிலிருந்து தசையை எலும்போடு கட்டும் கயிறான ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் கோத்தார்.

அந்தத் தசைநாணை நீங்களே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்நோக்கி மடியுங்கள். நடுவில் கயிறுபோல் புடைத்து எழுகிறதே, அதுதான். சிலருக்கு இருக்காது, பிறவியிலேயே இல்லை, அதனால் குறையும் இல்லை. எனக்கு வலக்கையில் இருக்கிறது, இடக்கையில் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக அது இல்லாமலே தேங்காய் துருவியிருக்கிறேன். இப்படி எடுத்தாலும் தெரியாத உதிரி பாகம் உடம்பில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பிரயோகித்த மூளையை என்னவென்று சொல்ல!

எலும்புகளில் துளையிட்டு, எட்டு வடிவில் கோத்து இழுத்துக் கட்டுகிறார்கள். இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இடம் மாறிய தசைநாணுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. அதனால் அதிலுள்ள செல்கள் பெரும்பாலும் சாகின்றன. கொலாஜன் என்ற புரத இழைகள் மட்டும் கட்டடத்துச் சாரம்போல் நிற்கின்றன. வாரக்கணக்கில் சுற்றிலுமிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதற்குள் ஊர்ந்து வருகின்றன, கூடவே புதுச் செல்களும் வந்து குடியேறுகின்றன. அவை பழைய இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, புதியதை நெய்கின்றன. எந்தத் திசையில் இழுவிசை வருகிறதோ அந்தத் திசைக்கு இழைகள் வரிசை கட்டுகின்றன. எனவே கையை அசைக்காமலே வைத்திருந்தால் நார் வலுப்படாது. அவசரப்பட்டு எறிந்தால் அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. தசையை எலும்போடு கட்டிய கயிறு, கடைசியில் எலும்பை எலும்போடு கட்டும் ஜவ்வாகவே குணம் மாறிவிடுகிறது.

ஜான் 1976இல் திரும்பினார். சிகிச்சைக்கு முன் அவர் கணக்கில் 124 வெற்றிகள், பின் 164. 46 வயதுவரை ஆடினார். 2020இல் இதே சிகிச்சை செய்துகொண்ட வெர்லாண்டர் 2021 முழுவதும் ஆடவில்லை. 2022இல், 39 வயதில், 18 வெற்றி, 4 தோல்வி, ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது.

இதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது: இந்த அறுவை சிகிச்சை செய்தால் வேகம் கூடுமாம். நல்ல கையோடு இருக்கும் பிள்ளைகளுக்கே செய்யச் சொல்லிக் கேட்கும் பெற்றோர்கள் உண்டு. எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்தில் நசுக்குகிற நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்துக்கு மயக்க மருந்து தேவையில்லை. வேகம் கூடினால் அது ஓராண்டு ஒழுங்காகச் செய்த உடற்பயிற்சியால்.

சான் ஹோசே பஞ்சாயத்துக்கு வருகிறேன். ஜயன்ட்ஸுக்கு வந்தபோது வெர்லாண்டரின் முழங்கை ஜவ்வுக்கு நான்கு வயதுதான். அவரது கழுத்துக்கு அப்படி இல்லை. 2024இல் அவரைப் பல வாரம் உட்கார வைத்தது கழுத்துதான். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 5.48 ரன் கொடுத்தார். தோள், இடுப்பு, முதுகு எதையும் ஜோப்பின் வித்தையால் மாற்றிக் கோக்க முடியாது. ஆகவே என் ஓட்டு சிரிப்பவர்களுக்குத்தான். ஆனால் 2009இல் ராண்டி ஜான்சன் தன் 300ஆவது வெற்றியை 45 வயதில் எடுத்ததும் இதே ஜயன்ட்ஸ் சட்டையில்தான். 2024 முடிவில் வெர்லாண்டருக்கு 262 வெற்றிகள்.